வீட்டு ஒலியமைப்பின் மின் பாதுகாப்பு

வீட்டு ஒலியமைப்பின் மின் பாதுகாப்பு என்பது, வீடுகளில் இசை கேட்கப் பயன்படும் மிகைப்பியையும் ஒலிபெருக்கிகளையும் மின் பழுதுகளால் ஏற்படும் சேதத்திலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். அப்பழுதுகளால் மனிதருக்கு நேரக்கூடிய மின்னதிர்ச்சியையும் தீ விபத்தையும் தவிர்க்கும் முறைகளும் இதில் அடங்கும். பாதுகாப்பு என்றவுடன் உருகி ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒலிபெருக்கியை எரிக்கப் போதுமான மின்னோட்டம் பல வேளைகளில் உருகியை எரிக்கப் போதுமானதாக இருப்பதில்லை. இதனால் ஒவ்வொரு வகைப் பழுதுக்கும் தனித்தனிக் காப்பு முறை தேவைப்படுகின்றது.

சொற்கள்

பேச்சு வழக்கில் ஆம்ப்ளிஃபையர் என வழங்கும் கருவி இக்கட்டுரையில் மிகைப்பி எனவும், ஸ்பீக்கர் என வழங்குவது ஒலிபெருக்கி எனவும் குறிக்கப்படுகின்றன. டிரான்சிஸ்டர் என்பது திரிதடையம் எனவும், ஃபியூஸ் என்பது உருகி எனவும், எர்த் என்பது புவி இணைப்பு எனவும் குறிக்கப்படுகின்றன. ரிலே, ஃபேஸ், நியூட்ரல் ஆகிய சொற்கள் மின்பணியாளர் வழக்கில் உள்ளவாறே ஆளப்பட்டுள்ளன.

அடிப்படை அமைப்பு

வீட்டு ஒலியமைப்பில் மின்னாற்றல் செல்லும் பாதையை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

* மின்வழங்கி: சுவர்ச் செருகியிலிருந்து வரும் 230 வோல்ட்டு, 50 எர்ட்சு மாறுதிசை மின்னழுத்தத்தை ஒரு மின்மாற்றி குறைக்கின்றது. இருமுனையங்கள் அதனை நேர்திசை மின்னழுத்தமாக மாற்றுகின்றன. பெரிய மின்தேக்கிகள் அதனைச் சீராக்கித் தேக்கி வைக்கின்றன.
* மிகைப்பிச் சுற்று: பாட்டுக்கருவியிலிருந்து வரும் சிறிய குறிகைக்கு ஏற்ப, மின்வழங்கியின் ஆற்றலை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்படுத்தி அனுப்புகின்றது.
* ஒலிபெருக்கி: காந்தப் புலத்தினுள் தொங்கும் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று மின்னோட்டத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய கூம்பை அசைக்கின்றது. இச்சுருள் வாய்ஸ் காயில் எனப்படும்.

ஒலிபெருக்கியின் திறன் மிகக் குறைவு. அதற்குக் கொடுக்கப்படும் மின்னாற்றலில் சில விழுக்காடு மட்டுமே, பல வேளைகளில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே, ஒலியாக மாறுகின்றது. எஞ்சிய அனைத்தும் கம்பிச்சுருளில் வெப்பமாகின்றது. எனவே ஒலிபெருக்கியைக் காப்பது என்பது பெரும்பாலும் அந்தச் சுருளை வெப்பத்திலிருந்து காப்பதே ஆகும்.

வரலாறு

இன்றைய வகை ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்கால மிகைப்பிகள் வெற்றிடக் குழல்களால் ஆனவை. குழலுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் வெளியீட்டு மின்மாற்றி ஒன்று இருந்தது. மின்மாற்றி நேர்திசை மின்னோட்டத்தைக் கடத்தாது. ஆகவே குழல் பழுதுற்றாலும் நேர்திசை மின்னழுத்தம் ஒலிபெருக்கியை எட்டுவதில்லை.

1947 இல் பெல் ஆய்வகத்தில் திரிதடையம் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியீட்டு மின்மாற்றி தேவைப்படாத திரிதடைய மிகைப்பிச் சுற்று ஒன்றை எச். சி. லின் 1956 இல் வெளியிட்டார். தொடக்ககாலத் திரிதடைய மிகைப்பிகள் பலவற்றில் ஒற்றை மின்வழங்கியும், வெளியீட்டில் ஒரு பெரிய மின்தேக்கியும் இருந்தன. அந்த மின்தேக்கியும் நேர்திசை மின்னோட்டத்தைத் தடுத்தது.

1970களில் நேர், எதிர் என இரட்டை மின்வழங்கி கொண்ட மிகைப்பிகள் பரவலாயின. இவற்றில் திரிதடையங்கள் ஒலிபெருக்கியுடன் நேரடியாக இணைகின்றன. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் மேம்பட்டன. விலையுயர்ந்த மின்தேக்கியும் தவிர்க்கப்பட்டது. ஆனால் அதுவரை தானாகவே கிடைத்துவந்த காப்பு இல்லாமற் போயிற்று. ரிலே கொண்ட தனிக் காப்புச் சுற்றுகள் தேவைப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மின்வழங்கலிலிருந்து வரும் பழுதுகள்

மின்னழுத்த எழுச்சி

இடி மின்னலாலும், மின் கம்பிகளில் நிகழும் திறப்பு மூடல்களாலும், நீரேற்றி போன்ற பெரிய இயந்திரங்கள் நிறுத்தப்படும்போதும் மின்னழுத்தம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பலமடங்கு உயர்ந்து தாழ்வது உண்டு. இது மின்னழுத்த எழுச்சி எனப்படும்.

இதற்கு எதிராக வாரிஸ்டர் எனப்படும் உறுப்பு பயன்படுகின்றது. துத்தநாக ஆக்சைடால் ஆன இவ்வுறுப்பு வழக்கமான மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை ஏறத்தாழ முற்றிலும் தடுக்கும். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டெனக் கடத்தும் பொருளாகி எழுச்சியைத் தன்வழியே திருப்பிவிடும். ஸ்பைக் கார்டு என்ற பெயரில் விற்கப்படும் நீட்டுப் பலகைகளில் பொதுவாக 275 வோல்ட்டு வகை வாரிஸ்டர்கள் இருக்கும். இவற்றைப் பற்றி இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நன்று.

* வாரிஸ்டர் ஒவ்வோர் எழுச்சியைத் தாங்கும்போதும் சிறிது தேய்கின்றது. பல ஆண்டுகள் பயன்பட்ட பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் காப்பு எஞ்சியிராமல் போகலாம்.
* அது நொடிப்பொழுது எழுச்சிக்கு மட்டுமே உரியது. தொடர்ந்து நீடிக்கும் உயர் மின்னழுத்தத்தில் வாரிஸ்டர் தானே சூடேறி எரியக்கூடும். எனவே வெப்ப உருகியுடன் கூடிய வகையே ஏற்றது.

அண்மையில் விழும் இடியின் ஆற்றலை இத்தகைய சிறு பலகைகளால் தாங்க இயலாது. இடி மின்னலின்போது செருகியைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பதே உறுதியான காப்பு. ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது. ஆளியின் முனைகளுக்கு இடையில் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியை இடியின் மின்னழுத்தம் எளிதில் தாண்டிவிடும். வானொலி அலைவாங்கி, தொலைக்காட்சிக் கேபிள், இணையக் கம்பி ஆகியவையும் எழுச்சி உள்நுழையும் வழிகள் ஆதலால், ஒலியமைப்புடன் இணைந்துள்ள அவற்றையும் கழற்ற வேண்டும். புயல் நெருங்கி வருவதற்கு முன்னரே இதனைச் செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது கம்பிகளைத் தொடுவது ஆபத்தானது.

நியூட்ரல் கம்பி அறுதல்

இந்தியாவிலும் இலங்கையிலும் தெருவில் செல்லும் தாழ் மின்னழுத்த வழங்கல் பொதுவாக மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் கொண்டது. எந்த ஒரு ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட்டும், இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு இடையில் 400 வோல்ட்டும் இருக்கும். ஒற்றை ஃபேஸ் வீடுகள் இம்மூன்று கம்பிகளில் பிரித்து இணைக்கப்படுகின்றன.

நியூட்ரல் கம்பி மின்கம்பத்திலோ வேறெங்கோ அறுந்தால், வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டுக்குக் குறுக்கே இணைந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் 2000 வாட்டுச் சுமையும் அடுத்த வீட்டில் 200 வாட்டுச் சுமையும் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். முதல் வீட்டுச் சுமையின் மின்தடை ஏறத்தாழ 26.5 ஓம், இரண்டாவதன் மின்தடை அதைப்போல் பத்து மடங்கு. 400 வோல்ட்டு இவ்விரண்டுக்கும் இடையில் மின்தடைக்கு ஏற்பப் பங்கிடப்படும். முதல் வீட்டுக்கு 36 வோல்ட்டும், இரண்டாவது வீட்டுக்கு 364 வோல்ட்டும் கிடைக்கும். குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டுக்கே கூடுதல் சேதம் நேர்வது இதனாற்றான்.

இம்மின்னழுத்தம் மிகைப்பிக்குச் சென்றால் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் தெவிட்டி, பெருமின்னோட்டம் பாயும். அதே விகிதத்தில் உயர்ந்தால் 35 வோல்ட்டாக இருந்த மின்வழங்கி 55 வோல்ட்டாகும். 50 வோல்ட்டு வகை மின்தேக்கிகள் அதனைத் தாங்கமாட்டா. அவை வெடிக்கவும் கூடும். வாரிஸ்டர் இங்கு உதவாது. இதற்கு உரிய காப்பு, மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஆகும். இத்தகைய துண்டிப்பு வசதி கொண்ட நிலைப்படுத்திகளும், வீட்டின் மின்பலகையிலேயே பொருத்தத்தக்க தனிக்கருவிகளும் கிடைக்கின்றன. ஸ்டெபிலைசர் என்ற பெயர் இருப்பதாலேயே துண்டிப்பு வசதி இருக்கும் எனக் கொள்ளலாகாது.

வீட்டில் சில விளக்குகள் மிகப் பிரகாசமாகவும், அண்டை வீட்டில் மங்கலாகவும் எரிவது நியூட்ரல் பழுதின் அறிகுறி. அந்நேரத்தில் முதன்மை ஆளியை உடனே நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நியூட்ரல் கிடைக்காதபோது புவிக் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது வீட்டிலுள்ள கருவிகளின் உலோக உடல்கள் அனைத்திலும் மின்னழுத்தம் ஏற வழிசெய்யும், உயிரிழப்புக்குக் காரணமாகும்.

தொடக்கப் பாய்ச்சல்

பெரிய வளைய வடிவ மின்மாற்றி கொண்ட மிகைப்பிகள் இயக்கப்படும் முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்மாற்றியின் உள்ளகம் கணநேரம் தெவிட்டுவதும், வெறுமையாக உள்ள மின்தேக்கிகள் நிரம்புவதும் இதற்குக் காரணங்கள். இதனைக் குறைக்க ஒரு மின்தடையத்தைத் தொடரில் இணைத்து, ஒரு நொடி அளவில் ரிலே ஒன்றால் அதனைக் குறுக்கிணைப்பர். இது மென்தொடக்கம் எனப்படும்.

மிகைப்பியின் உள்ளே எழும் பழுதுகள்

நேர்திசை மின்னோட்டம்

வெளியீட்டுத் திரிதடையம் பழுதுறும்போது பெரும்பாலும் அதன் முனைகள் உள்ளே ஒன்றோடொன்று உருகி இணைந்துவிடுகின்றன. அப்போது மின்வழங்கியின் முழு நேர்திசை மின்னழுத்தமும் ஒலிபெருக்கிக்குச் செல்கின்றது.

இதன் விளைவை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். நேர் 35, எதிர் 35 வோல்ட்டு மின்வழங்கி கொண்ட மிகைப்பி 8 ஓம் ஒலிபெருக்கிக்கு ஏறத்தாழ 50 வாட்டு வழங்கவல்லது. இயல்பாக இசை கேட்கும்போது சராசரியாகச் செல்வது சில வாட்டுகளே. 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கிச் சுருளின் நேர்திசை மின்தடை ஏறத்தாழ 6 ஓம். அதில் 35 வோல்ட்டு விழுந்தால் 5.8 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வெப்பமாகும் ஆற்றல் 200 வாட்டுக்கு மேல். மேலும், கூம்பு ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டு அசையாமல் நிற்பதால் சுருளைச் சுற்றிக் காற்றோட்டமும் நின்றுபோகும். சில நொடிகளில் பசை கருகி, சுருள் உருக்குலையும். அதன் பின்னும் மின்னோட்டம் நிற்காவிட்டால் கூம்புத் தாளும் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சும் தீப்பற்றக்கூடும்.

உருகியின் எல்லை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 5 ஆம்பியர் உருகி இருந்தால் என்ன நிகழும்? பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60127 ஆம் தரத்தின்படி அமைந்த இவ்வகைச் சிறு கண்ணாடி உருகிகள், தம்மீது குறிக்கப்பட்ட அளவைப்போல் ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். அதாவது 7.5 ஆம்பியரைக்கூட அந்த உருகி நெடுநேரம் தாங்கும். 5.8 ஆம்பியரில் அது எரியவே எரியாது. ஒலிபெருக்கி எரிந்து முடிந்த பின்னும் உருகி நலமாக இருக்கும்.

திரிதடையத்தின் நிலையும் இதுவே. வெளியீட்டில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் திரிதடையத்தின் சிலிக்கன் மில்லிநொடிகளில் அழிந்துவிடக்கூடும். உருகிக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவை. ஆகவே உருகியின் முதன்மைப் பணி மிகைப்பியைக் காப்பது அன்று; பழுதுற்ற மிகைப்பி தீயாக மாறாமல் காப்பதே ஆகும். இப்பணி மிக இன்றியமையாதது. எரிந்த உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ, கூடுதல் ஆம்பியர் கொண்ட உருகியோ இடுவது இக்காப்பை முற்றிலும் நீக்கிவிடும். இலங்கையில் பரவலாக உள்ள 13 ஆம்பியர் சதுரமுனைச் செருகியினுள் ஓர் உருகி இருக்கும். சிறிய மிகைப்பிகளுக்கு அதில் 13 ஆம்பியர் உருகிக்கு மாற்றாக 3 ஆம்பியர் உருகி இடுவது ஏற்றது.

ரிலே காப்புச் சுற்று

நேர்திசை மின்னோட்டத்திலிருந்து ஒலிபெருக்கியைக் காக்க, மிகைப்பியின் வெளியீட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் ஒரு ரிலே வைக்கப்படுகின்றது. அது செயற்படும் விதம் பின்வருமாறு.

1. ஒரு மின்தடையமும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி, வெளியீட்டிலிருந்து இசைக் குறிகையை நீக்கி, நேர்திசைப் பகுதியை மட்டும் பிரிக்கின்றது.
2. அப்பகுதி நேர்ப்பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ ஓரிரு வோல்ட்டைத் தாண்டினால், ரிலேக்குச் செல்லும் மின்னோட்டம் நிறுத்தப்படுகின்றது.
3. ரிலேயின் தொடுமுனைகள் விலகி, ஒலிபெருக்கி துண்டிக்கப்படுகின்றது.

வடிகட்டி மிக விரைவாக இருந்தால் ஆழ்ந்த தாழொலிகளையே பழுதெனக் கொண்டு துண்டித்துவிடும். மிக மெதுவாக இருந்தால் சுருள் எரிந்துவிடும். 20 எர்ட்சு ஒலியைக் கடக்கவிட்டு, ஒரு நொடியின் சில பத்தில் ஒரு பகுதிகளுக்குள் செயற்படும்படி இது வடிவமைக்கப்படுகின்றது.

இதே ரிலே வேறொரு பணியும் செய்கின்றது. மிகைப்பி இயக்கப்பட்டதும் சுற்றுகள் நிலைபெறும் வரை சில நொடிகள் ஒலிபெருக்கியை இணைக்காமல் வைத்திருந்து, பின்னர் இணைக்கின்றது. மிகைப்பியை இயக்கிய சில நொடிகளில் கேட்கும் "டக்" என்னும் ஒலி இந்த ரிலேயினுடையதே. அவ்வொலி கேட்காமல் அமைதியாக இருந்தால், மிகைப்பியில் நேர்திசைப் பழுது இருப்பதாகக் கருத இடமுண்டு. அத்தகைய வேளையில் ரிலேயைக் குறுக்கிணைத்துப் பாட்டுக் கேட்க முயல்வது ஒலிபெருக்கியை இழப்பதில் முடியும். இப்பணிகள் அனைத்தையும் ஒருங்கே செய்ய ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனம் வெளியிட்ட 1237 என்னும் எட்டுக் கால் தொகுசுற்று பல மிகைப்பிகளில் இடம்பெற்றுள்ளது.

ரிலேயில் மின்வில்

ரிலேயிலும் ஓர் இடர் உண்டு. பொதுவான ரிலே ஒன்றின் மேல் 250 வோல்ட்டு மாறுதிசை, 30 வோல்ட்டு நேர்திசை என இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். 50 எர்ட்சு மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால், முனைகள் விலகும்போது எழும் மின்வில் தானாகவே அணைந்துவிடும். நேர்திசை மின்னோட்டம் சுழியத்தைத் தொடுவதே இல்லை. எனவே 50, 60 வோல்ட்டு மின்வழங்கி கொண்ட பெரிய மிகைப்பிகளில் முனைகள் விலகிய பின்னும் மின்வில் வழியே மின்னோட்டம் தொடரக்கூடும். முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். இதற்குத் தீர்வாக, விலகும் முனை எதிர்ப்பக்கத் தொடுமுனை வழியாகச் சுற்றின் பொதுக் கம்பியைத் தொடுமாறு இணைப்பர். மின்வில் ஏற்பட்டாலும் மின்னோட்டம் ஒலிபெருக்கி வழியே செல்லாது. பொதுக் கம்பிக்குச் சென்று உருகியை எரிக்கும். தொடுமுனைகளே இல்லாத மாஸ்ஃபெட் வகை ஆளிகளும் இப்பணிக்குப் பயன்படுகின்றன.

குறுக்குச்சுற்றும் வெப்பமும்

ஒலிபெருக்கிக் கம்பியின் ஓர் இழை அடுத்த முனையைத் தொட்டாலே குறுக்குச்சுற்று ஏற்படும். திரிதடையத்தில் ஒரே நேரத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் உணர்ந்து, பாதுகாப்பான எல்லையைத் தாண்டினால் உள்ளீட்டைக் குறைக்கும் சுற்றுகள் பல மிகைப்பிகளில் உண்டு. வெளியீட்டிலிருந்து மின்வழங்கியின் இரு பக்கங்களுக்கும் இணைக்கப்படும் இருமுனையங்கள், ஒலிபெருக்கியின் தூண்டலால் திரும்பிவரும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 10 ஓம் மின்தடையமும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட சோபல் இணைப்பு, செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் மிகைப்பி தானாக அலைவதைத் தடுக்கின்றது.

மிகைப்பித் தொகுசுற்றுகள் சிலவற்றில் இக்காப்புகள் உள்ளேயே அமைந்துள்ளன. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வெளியிட்ட எல்.எம். 3886 அவற்றுள் புகழ்பெற்றது. அதன் சிலிக்கன் 165 பாகை செல்சியசை எட்டினால் வெளியீடு நின்றுவிடும். ஏறத்தாழ 155 பாகைக்குத் தணிந்ததும் மீண்டும் இயங்கும். இந்நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2011 இல் வாங்கியது. பாட்டு விட்டுவிட்டு நின்று வருமானால் வெப்பக் காப்பு செயற்படுவதாக இருக்கலாம். அது பழுது அன்று; பழுது நேரப்போவதற்கான எச்சரிக்கை.

ஒலிபெருக்கிக்கு ஏற்படும் மிகைச்சுமை

அலைமுகடு வெட்டுப்படல்

மிகைப்பியின் வெளியீடு அதன் மின்வழங்கியின் மின்னழுத்தத்தைத் தாண்ட இயலாது. ஒலியளவை அதற்கு மேலும் கூட்டினால் அலையின் முகடுகள் தட்டையாக வெட்டப்படும். இது கிளிப்பிங் எனப்படும். சைன் அலையொன்று அதே முகட்டளவு கொண்ட சதுர அலையாக மாறும்போது அதன் சராசரி ஆற்றல் இரட்டிப்பாகின்றது. எனவே 50 வாட்டு மிகைப்பி, முற்றிலும் வெட்டுப்பட்ட நிலையில் 100 வாட்டு வரை வழங்க முற்படும்.

இந்நிலையில் முதலில் எரிவது பெரும்பாலும் ட்வீட்டர் எனப்படும் உயரொலி ஒலிபெருக்கியே. வெட்டுப்படுவதால் எழும் புதிய உயர் அதிர்வெண்கள் இதற்கு ஒரு காரணம். ஒலியளவைக் கூட்டக் கூட்டத் தாழொலிகள் எல்லையில் நின்றுவிட, உயரொலிகள் மட்டும் மேலும் வளர்ந்துகொண்டே போவது மற்றொரு காரணம். ட்வீட்டரின் சுருள் மயிரிழை போன்றது. தொடர்ந்து சில வாட்டுகளையே தாங்கும். ஆகவே சிறிய மிகைப்பி பெரிய ஒலிபெருக்கியை எரிக்காது என்னும் கருத்து சரியன்று. ஒலி கரகரப்பாகும் இடத்திலேயே ஒலியளவைக் குறைப்பதுதான் காப்பு.

வாட்டுக் கணக்கு

1990களிலும் 2000களிலும் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்டுகள் அச்சிடப்பட்ட பெட்டிகள் சந்தையில் நிறைந்திருந்தன. இதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவீட்டு வரையறை ஏதும் இல்லை. ஒலிபெருக்கியையும் மிகைப்பியையும் பொருத்துவதற்குத் தொடர் சராசரி ஆற்றலையே கணக்கில் கொள்ள வேண்டும். இத்தகைய மிகைப்படுத்தல்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974 இல் மிகைப்பிகளுக்கான தனி விதியைக் கொண்டுவந்தது. கருவியின் பின்புறம் குறிக்கப்பட்ட மின்நுகர்வு 60 வாட்டு என்றால், அது ஆயிரம் வாட்டு ஒலியைத் தொடர்ந்து வழங்க இயலாது என்பது வெளிப்படை.

மின்மறுப்பு

இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம் ஆகும். இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகள் 2 ஓம் ஆகும். மின்மறுப்பு பாதியானால் மின்னோட்டம் இருமடங்காகும். மிகைப்பியின் பின்புறம் குறிக்கப்பட்ட குறைந்த அளவு மின்மறுப்புக்குக் கீழே செல்லலாகாது. மேலும், பால வடிவில் அமைந்த மிகைப்பிகளிலும் பல டி-வகுப்பு மிகைப்பிகளிலும் ஒலிபெருக்கியின் கறுப்பு முனை, பொதுக் கம்பி அன்று. இடம், வலம் இரண்டின் கறுப்பு முனைகளை ஒன்றாக இணைத்தால் அது குறுக்குச்சுற்றே ஆகும்.

வெற்றிடக் குழல் மிகைப்பிகள்

இவற்றில் விதி தலைகீழாக மாறுகின்றது. திரிதடைய மிகைப்பி ஒலிபெருக்கி இல்லாமல் இயங்கலாம், குறுக்குச்சுற்றைத்தான் தாங்காது. குழல் மிகைப்பியை ஒலிபெருக்கி இல்லாமல் உரத்து இயக்கினால், வெளியீட்டு மின்மாற்றியில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழுந்து அதன் காப்புறையைத் துளைத்துவிடும். எனவே ஒலிபெருக்கியை இணைத்த பின்னரே அதனை இயக்க வேண்டும்.

புவி இணைப்பும் உயிர்ப் பாதுகாப்பும்

உலோகப் பெட்டியும் மூன்று முனைச் செருகியும் கொண்ட மிகைப்பிகளில், பெட்டி புவிக் கம்பியுடன் இணைந்திருக்கும். உள்ளே ஃபேஸ் கம்பி பெட்டியைத் தொட்டால் பெருமின்னோட்டம் புவிக்குச் சென்று உருகியை எரிக்கும். இந்தியச் செருகியில் புவிமுனை மற்றவற்றைவிட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புறை கொண்டவை. அவற்றுக்குப் புவி இணைப்பு தேவையில்லை.

புவியுடன் இணைந்த இரு கருவிகளைக் குறிகைக் கம்பியால் இணைக்கும்போது, சில வேளைகளில் 50 எர்ட்சு இரைச்சல் ஒன்று எழும். இது புவி வளையம் எனப்படும். செருகியின் புவிமுனையை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும். பலரும் இதனைச் செய்கின்றனர். ஆனால் அதன் பின்னர் பெட்டிக்குள் பழுது ஏற்பட்டால், பெட்டியைத் தொடும் மனிதரே புவிக்கான வழியாகிவிடுவார். இரைச்சலுக்குச் சரியான தீர்வுகள் வேறு உள்ளன. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இயக்கலாம். அல்லது குறிகைக் கம்பியில் பிரிப்பு மின்மாற்றி ஒன்றை இடலாம்.

30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பி, ஃபேசில் சென்ற மின்னோட்டம் நியூட்ரலில் திரும்பாமல் வேறுவழியே கசிந்தால் இணைப்பைத் துண்டித்து மனிதரைக் காக்கும். மிகைப்பிக்கோ ஒலிபெருக்கிக்கோ அது எவ்விதக் காப்பும் அளிப்பதில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

* கம்பிகளை இணைக்கும்போதும் கழற்றும்போதும் மிகைப்பியை நிறுத்திவைக்க வேண்டும். ஆர்.சி.ஏ. செருகியில் நடுமுனை முதலிலும் வெளிவளையம் பின்னரும் தொடுவதால், இயங்கும் நிலையில் செருகினால் உரத்த இரைச்சல் ஒலிபெருக்கியைத் தாக்கும்.
* இயக்கும்போது பாட்டுக்கருவியை முதலிலும் மிகைப்பியைக் கடைசியிலும் இயக்க வேண்டும். நிறுத்தும்போது மிகைப்பியை முதலில் நிறுத்த வேண்டும்.
* மின்தடை ஏற்பட்டால் மிகைப்பியின் ஆளியை நிறுத்திவிட்டு, மின்சாரம் மீண்டு நிலைபெற்ற பின்னர் இயக்க வேண்டும்.
* மிகைப்பியின் மேல் துணி விரிக்கலாகாது. மூடிய அலமாரியில் வைக்கலாகாது. காற்றுத் துளைகள் வழியே பல்லி, எறும்பு ஆகியவை புகுந்து குறுக்குச்சுற்றை ஏற்படுத்துவதுண்டு. துளைகளை அடைப்பதற்குப் பதிலாகப் பெட்டியை உயரத்தில், சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்கலாம்.
* கம்பி முனைகளில் பிரிந்த இழைகள் வெளியே நீளாதவாறு முறுக்கி இணைக்க வேண்டும்.

பழுது அறிதல்

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, மிகைப்பியின் வெளியீட்டு முனைகளில் நேர்திசை மின்னழுத்தத்தைப் பல்லளவி கொண்டு அளக்கலாம். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பொதுவாக நலம். பல வோல்ட்டுகள் இருந்தால் ஒலிபெருக்கியை இணைக்கலாகாது. தனியே கழற்றிய 8 ஓம் ஒலிபெருக்கியில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டினால் சுருள் அறுந்திருக்கவில்லை எனலாம்.

பழுதுபார்த்த மிகைப்பியை முதன்முறை இயக்கும்போது, 60 அல்லது 100 வாட்டு இழை மின்குமிழ் ஒன்றைத் தொடரில் இணைப்பது பழுதுபார்ப்போர் வழக்கம். இதனைச் சீரீஸ் பல்பு என்பர். மின்குமிழ் கணநேரம் ஒளிர்ந்து மங்கினால் மிகைப்பி நலம். தொடர்ந்து முழு ஒளியுடன் எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று எஞ்சியுள்ளது. மின்னோட்டத்தை மின்குமிழ் மட்டுப்படுத்துவதால் புதிய திரிதடையங்கள் பிழைக்கும். எல்.ஈ.டி. விளக்குகள் இதற்குப் பயன்படா.

செருகியைக் கழற்றிய பின்னும் மின்வழங்கி மின்தேக்கிகளில் மின்னூட்டம் நெடுநேரம் தங்கியிருக்கும். குழல் மிகைப்பிகளில் அது பல நூறு வோல்ட்டு, உயிரைப் பறிக்கவல்லது. தகுந்த மின்தடையம் வழியாக அதனை வெறுமையாக்கி, பல்லளவியால் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். பயிற்சி இல்லாதோர் பெட்டியைத் திறவாதிருத்தலே நலம்.

இவற்றையும் பார்க்கவும்

* மிகைப்பி
* ஒலிபெருக்கி
* உருகி
* ரிலே
* திரிதடையம்
* புவி இணைப்பு